நம்பர் பொருந்துதா சார்?

பழைய இத்தாலியன் ஸ்போர்ட்ஸ் பைக் விற்கிறவர்கள் எழுதும் விளம்பரங்களில் மூன்று வார்த்தைகள் தவறாமல் இருக்கும். ஒரிஜினல், அபூர்வம், மேட்சிங் நம்பர்ஸ். முதல் இரண்டையும் விட்டுவிடலாம். கல்யாணத் தரகர் "பொண்ணு மூக்கும் முழியுமா இருப்பா" என்று சொல்வது மாதிரி, அது தொழில் தர்மம். மூன்றாவதுதான் விவகாரம். அதை எழுதுகிறவரை விட, அது இருக்கிறதா என்று தேடிப் பிடித்து வாங்குகிறவர்கள் செய்யும் கெடுதல் அதிகம். இந்தப் பதிவு முழுக்க அவர்களோடுதான் சண்டை.

மேட்சிங் நம்பர்ஸ் என்றால் ஃப்ரேமில் குத்தியிருக்கும் எண்ணும் எஞ்சினில் குத்தியிருக்கும் எண்ணும் ஒன்று என்று அர்த்தம். தொழிற்சாலையை விட்டுக் கிளம்பியபோது இருந்த அதே ஜோடி. நடுவில் விவாகரத்து இல்லை, மறுமணம் இல்லை. அமெரிக்காவின் பழைய கார்வெட் கார்களில் இது நியாயமான கேள்வி. காரின் வரிசை எண்ணில் ஒரு பகுதியை எஞ்சின் பிளாக்கிலும் குத்தி அனுப்பினார்கள். பிரிட்டனின் ட்ரையம்ஃப் பைக்குகளிலும் ஃப்ரேமுக்கும் எஞ்சினுக்கும் ஒரே எண். அங்கே கேட்கலாம், கேட்கவும் வேண்டும்.

அந்தக் கேள்வியை அப்படியே தூக்கிக்கொண்டு போலோன்யாவுக்குப் போனால் என்ன ஆகும்?

1974ஆம் வருட டுகாட்டி 750 சூப்பர் ஸ்போர்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். வெளிறிய பச்சை நிற ஃப்ரேம், அதனால் "கிரீன் ஃப்ரேம்" என்றே பெயர். இதன் கதை 1972 ஏப்ரல் 23ஆம் தேதி இமோலாவில் ஆரம்பிக்கிறது. 200 மைல் பந்தயம். எம்வி அகுஸ்டாவில் ஜியாகோமோ அகோஸ்டினி வந்திருந்தார், பாதியில் நின்றுபோனார். டுகாட்டியில் வந்த பால் ஸ்மார்ட் முதலிடம், இன்னொரு டுகாட்டியில் வந்த ப்ரூனோ ஸ்பாஜியாரி இரண்டாமிடம். டுகாட்டிக்குப் பெரிய பைக் செய்யத் தெரியுமா என்று கேட்டுக்கொண்டிருந்த உலகம் அன்று மாலையோடு வாயை மூடிக்கொண்டது. இரண்டு வருடம் கழித்து, அந்தப் பந்தய வண்டியின் சாயலில் தெருவில் ஓட்டுவதற்காகச் செய்து விற்றதுதான் இந்த சூப்பர் ஸ்போர்ட். மொத்தம் 401 வண்டிகள் என்பது பொதுவாக ஒப்புக்கொள்ளப்பட்ட கணக்கு. "செய்தது 401, அதில் ஐந்நூறு இன்னமும் ஓடிக்கொண்டிருக்கு" என்று சேகரிப்பாளர்கள் சிரிப்பார்கள். சிரிக்கிறவரின் வண்டி அந்தக் கூடுதல் தொண்ணூற்றொன்பதில் ஒன்றா என்பதுதான் அவருக்கு ராத்திரி தூக்கம் வராத கேள்வி.

(மெக்கானிக்கல் மக்கள் இந்தப் பத்தியைத் தாண்டிக்கொள்ளலாம்.) சாதாரண எஞ்சினில் வால்வைத் திறப்பது கேம், மூடுவது ஸ்பிரிங். எஞ்சின் வேகம் ஏற ஏற ஸ்பிரிங் ஈடு கொடுக்காமல் மிதக்க ஆரம்பிக்கும். டுகாட்டியின் ஃபாபியோ தாலியோனி மூடுகிற வேலையையும் ஒரு கேமுக்கும் ராக்கருக்கும் கொடுத்தார். அதற்குப் பெயர் டெஸ்மோ. 1970களின் ஆரம்பத்தில் வந்த 750 ஜிடி, 750 ஸ்போர்ட் இரண்டிலும் ஸ்பிரிங்தான். அதே 748 சிசி, அதே வட்ட வடிவ எஞ்சின் மூடிகள். சூப்பர் ஸ்போர்ட்டில் மட்டும் டெஸ்மோ ஹெட், 40 மில்லிமீட்டர் டெலோர்ட்டோ கார்புரேட்டர், முழு இரும்புக் கட்டியிலிருந்து கடைந்தெடுத்த கனெக்டிங் ராடு. வெளியிலிருந்து பார்த்தால் தம்பிக்கும் அண்ணனுக்கும் உள்ள வித்தியாசம்தான். விலையில் பார்த்தால் மலைக்கும் மடுவுக்கும் உள்ளது. நல்ல சூப்பர் ஸ்போர்ட் ஏலத்தில் 100,000 டாலரைத் தாண்டியிருக்கிறது. ஜிடி அதில் ஒரு சிறு பங்குக்குத்தான் போகும். ஜிடியை சூப்பர் ஸ்போர்ட் ஆக்கிவிட ஒருவருக்கு ஏன் கை அரிக்கும் என்று இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

இப்போது நம்பருக்கு வருவோம். இந்த 401 வண்டிகளில் ஃப்ரேம் எண்ணும் 075 என்று ஆரம்பிக்கும், எஞ்சின் எண்ணும் 075 என்று ஆரம்பிக்கும். ஆனால் தொழிற்சாலை இரண்டையும் ஒரே எண்ணாகச் சேர்த்துக் குத்தவே இல்லை! எஞ்சின்கள் ஒரு வரிசை, ஃப்ரேம்கள் ஒரு வரிசை. கைக்குக் கிடைத்த எஞ்சின் கைக்குக் கிடைத்த ஃப்ரேமில் ஏறியது. பக்கத்து எண்களாக இருக்கும், சமயத்தில் சில பத்துகள் தள்ளியும் இருக்கும். ஒரே எண்ணாக இருந்தால் அது குருட்டு அதிர்ஷ்டம், இல்லையென்றால் யாரோ ஒருவரின் சுத்தியல்.

இது பரம ரகசியமும் இல்லை. இந்த வண்டியைப் பற்றித் தனிப் புத்தகமே எழுதிய இயன் ஃபாலூன் மாதிரியான ஆட்களைப் படித்த எவருக்கும் தெரியும். ஆனாலும் வாங்க வருகிறவர் முதலில் கேட்பது அதுதான். "நம்பர் பொருந்துதா?" விற்கிறவர் "டுகாட்டியில் அப்படிக் கிடையாதுங்க" என்று உண்மையைச் சொன்னால் எதிராளியின் முகம் சுருங்குகிறது. ஏதோ மறைக்கிறான் என்று நினைக்கிறார். விலையைக் குறைக்கிறார். உண்மை சொன்னதற்கு அபராதம்!

அடுத்து என்ன நடக்கும் என்று ஊகிக்க ஜோசியம் வேண்டாம். ஓர் அசல் எஞ்சின், ஐம்பது வருடத்துக்கு முன் போலோன்யாவில் குத்திய அசல் எண்ணோடு இருக்கிறது. அந்த எண்ணை அரத்தால் ராவிவிட்டு ஃப்ரேமில் உள்ள எண்ணைக் குத்துகிறார் ஒரு புண்ணியவான். அந்த நிமிஷம் வரை அந்த எஞ்சின் அசல். அதற்கப்புறம் போலி. பித்தளைக்குத் தங்க முலாம் பூசுகிற திருட்டு நமக்குப் பழக்கம். இது தங்கத்துக்கு மேல் பித்தளை முலாம் பூசுகிற வேலை. வாங்குகிறவருக்குப் பித்தளை நிறம்தான் பிடிக்கும் என்பது ஒன்றே காரணம்.

இதைத் திருப்பி வைக்க வழியில்லை என்பதுதான் கோபப்பட வேண்டிய விஷயம். பெயிண்ட் உரிந்தால் பூசலாம். வளைந்த ஃபோர்க்கை நிமிர்த்தலாம். ராவிய எண் போனது போனதுதான். தடயவியல்காரர்கள் இரும்பில் ஓரளவு மீட்பார்கள், அது உண்மை. அச்சு குத்தும்போது அடியில் இருக்கும் உலோகமும் நசுங்குகிறது, மேற்பரப்பை ராவினாலும் நசுங்கிய பகுதி மிஞ்சும், அமிலம் தடவினால் பழைய எண் நிழல் மாதிரி எழும்பும். ஆனால் ஆழமாக ராவிவிட்டால் அதுவும் கிடையாது. வண்டி இன்ன தேதியில் இன்ன வரிசையில் பிறந்தது என்பதற்கு அதனிடம் இருந்த ஒரே பிறப்புச் சான்றிதழ் அது. கிழித்துப் போட்டாயிற்று.

"அப்போ நம்பரே பார்க்க வேண்டாம்கிறீங்களா?" என்று பின்னூட்டத்தில் பாயத் தயாராக இருப்பவர்கள் கொஞ்சம் பொறுங்கள். பார்க்க வேண்டும், நன்றாகவே பார்க்க வேண்டும். தானமாக வந்த மாட்டைத்தான் பல் பிடித்துப் பார்க்கக் கூடாது. லட்சம் டாலர் கொடுத்து வாங்குகிற மாட்டை வாய்க்குள் தலையை விட்டே பார்க்கலாம். எழுத்தின் வடிவம் அந்தக் காலத்து அச்சுதானா, எண் குத்திய மேடை சுற்றிலும் உள்ள வார்ப்பை விடப் பள்ளமாக இருக்கிறதா, ஃப்ரேமில் இத்தாலிய அரசின் டிஜிஎம் அங்கீகார முத்திரை இருக்கிறதா, எஞ்சின் எண் 075 வரிசையில் வருகிறதா. இதெல்லாம் கேட்க வேண்டியவை. இரண்டு எண்ணும் ஒன்றா என்பது இந்த வண்டியில் கேட்கவே கூடாத கேள்வி. ஒன்றாக இருந்தால்தான் பூதக்கண்ணாடியை எடுக்க வேண்டும்.

சரி, நம்பரை விட்டுவிட்டு உதிரிபாகங்களை வைத்து முடிவு செய்யலாம் என்று இன்னொரு கோஷ்டி கிளம்பும். இவர்கள் கொஞ்சம் புத்திசாலிகள். ஹெட்டைத் திறந்து டெஸ்மோவா என்று பார்ப்பார்கள், கார்புரேட்டரை அளப்பார்கள், மார்சோக்கி ஃபோர்க்கா, போரானி ரிம்மா, கான்ட்டி சைலன்சரா, முன்னால் ஸ்கராப் பிரேக்கும் பின்னால் லாக்ஹீடும் இருக்கிறதா என்று வரிசையாக டிக் அடிப்பார்கள். சிக்கல் என்னவென்றால், அந்த டிக் எல்லாவற்றையும் இன்றைக்குக் காசு கொடுத்து வாங்கலாம். டேங்க் புதிதாகச் செய்து தருகிறார்கள். சைலன்சர் செய்து தருகிறார்கள். ஆஸ்திரேலியாவில் வட்ட மூடி எஞ்சினையே முழுசாகப் புதிதாகச் செய்கிறார்கள் (அருமையாகவும் செய்கிறார்கள், ஒளித்து மறைக்காமல் புதிது என்று சொல்லியே விற்கிறார்கள்). பட்டியலை வைத்துக்கொண்டு அசலைத் தேடினால் கிடைப்பது பட்டியல் தெரிந்த ஆள் செய்த வண்டிதான்.

போதாக்குறைக்கு அசல் வண்டியே பட்டியலுக்கு அடங்காது. அந்தக் காலத்து டுகாட்டி அரசு நிர்வாகத்தில் இருந்த தொழிற்சாலை, இந்த மாடலைக் கிட்டத்தட்டக் கையால் செய்தது. கண்ணாடி இழை வேலையின் தரம் சிரிப்பாய்ச் சிரித்தது. பத்திரிகை சோதனைக்கு வந்த ஒரு வண்டியின் டேங்கில் ரெசினோடு சேர்ந்து ஓர் ஈயும் உறைந்து போயிருந்தது என்ற கதை டுகாட்டிக்காரர்களிடையே ரொம்பப் பிரசித்தம். இன்றைக்கு லட்சக்கணக்கில் செலவழித்துப் புதுப்பித்த சூப்பர் ஸ்போர்ட்டுகளைப் பாருங்கள். கண்ணாடி மாதிரி பெயிண்ட், ஒரு அலை கிடையாது, ஒரு குமிழி கிடையாது. 1974ல் ஒரு வண்டி கூட அப்படி வெளியே வரவில்லை. அந்த மழமழப்பையும் ஒரிஜினல் என்றுதான் எழுதுகிறார்கள். ஈ இல்லாத வண்டியெல்லாம் டூப்பு என்று யாராவது கிளப்பிவிட்டால் அடுத்த மாதமே ஈ விற்க ஆள் வந்துவிடுவார் :-)

டேங்க் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். இங்கே விஷயம் விலையைத் தாண்டி உயிருக்குப் போகிறது. அசல் டேங்க் கண்ணாடி இழை. பந்தய வண்டியில் இருந்த மாதிரியே பக்கவாட்டில் பெயிண்ட் அடிக்காத ஒரு கோடு விட்டிருப்பார்கள், பெட்ரோல் எவ்வளவு இருக்கிறது என்று அதன் வழியே தெரியும். பார்க்க அவ்வளவு அழகு. ஆனால் இப்போது பெட்ரோலில் எத்தனால் கலக்கிறார்கள். ஐரோப்பாவில் 10 சதவீதம் வரை கலந்த பெட்ரோல் சாதாரணமாகிவிட்டது, பிரிட்டனில் 2021 செப்டம்பரிலிருந்து அதுதான் வழக்கமான பெட்ரோல். பழைய பாலியெஸ்டர் ரெசினை எத்தனால் மெல்ல மெல்ல இளக்கும். டேங்க் உப்பும், கசியும், கரைந்த பிசின் கார்புரேட்டருக்குள் போய் உட்காரும். கசிகிற பெட்ரோலுக்குக் கீழே இருப்பது சூடான எஞ்சின். விவரம் தெரிந்த சொந்தக்காரர் அசல் டேங்கைக் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டு, எத்தனாலைத் தாங்கும் வேறு டேங்கை மாட்டி ஓட்டுகிறார். ஸ்கராபைக் கழற்றிவிட்டு பிரெம்போ மாட்டியவர்களும் உண்டு. நிற்க வேண்டிய இடத்தில் வண்டி நிற்க வேண்டும் என்பது அவர்கள் கொள்கை.

கான்கூர் என்கிற பழைய வண்டி அழகுப் போட்டிகளில் இவர்களுக்கு மதிப்பெண் வெட்டு. பெட்ரோலே ஊற்றாமல், ஸ்டார்ட்டே செய்யாமல், வரவேற்பறையில் பெட்டிக்குள் நிற்கும் வண்டிக்கு முழு மதிப்பெண். பந்தயத்தில் ஜெயித்ததற்காகப் பிறந்த வண்டி ஓடாமல் இருப்பதுதான் அதன் தகுதி! என்ன கொடுமை சார் இது.

இந்த அளவுகோல் எவ்வளவு கோணல் என்று காட்ட ஒரே ஒரு வண்டி போதும். அமெரிக்காவின் சைக்கிள் என்ற மோட்டார் சைக்கிள் பத்திரிகையின் ஆசிரியர் குக் நீல்சன், அவருடைய சகா ஃபில் ஷில்லிங். இருவரும் சேர்ந்து 1974 சூப்பர் ஸ்போர்ட் ஒன்றைப் பிரித்து மேய்ந்தார்கள். சிலிண்டரைக் கடைந்து 883 சிசி ஆக்கினார்கள், பிஸ்டனை மாற்றினார்கள், பிரேக்கை மாற்றினார்கள், நீல நிறம் அடித்தார்கள். 1977 டேடோனா சூப்பர்பைக் பந்தயத்தில் அந்த வண்டியில் நீல்சன் முதலாவதாக வந்தார். ஜப்பான், ஜெர்மன் வண்டிகள் எல்லாம் பின்னால். "ஓல்டு புளூ" என்று இன்றைக்கும் அதைப் பெயர் சொல்லித்தான் அழைக்கிறார்கள். டிக் அடிக்கிற கோஷ்டியின் கணக்கில் அது நாசமாக்கப்பட்ட கிரீன் ஃப்ரேம். ஃப்ரேமே பச்சை இல்லையே! ஆனால் எந்தக் கிறுக்கனும் அதைப் போலி என்று சொல்லமாட்டான். அதன் ஒவ்வொரு மாற்றமும் யார், எதற்காக, எப்போது செய்தது என்று ஊரறியும். நீல்சனே பக்கம் பக்கமாக எழுதியும் வைத்தார். அசல் என்பது அங்கே பாகங்களில் இல்லை, அறுபடாத கதையில் இருக்கிறது.

புகழ்பெற்ற வண்டி என்பதால் தப்பித்தது என்று சொல்லாதீர்கள். பெயர் தெரியாத ஒருவர் 1978ல் எஞ்சினை உடைத்துக்கொண்டு வேறு கிராங்க் கேஸ் போட்டிருப்பார், ரசீதை பத்திரமாக வைத்திருப்பார், எண் குத்தாமல் அப்படியே விட்டிருப்பார். அது நேர்மையான வண்டி. அதன் விலை, பழைய எண்ணை வெட்டி ஒட்டிய பளபள வண்டியை விடக் குறைவாக இருக்கிறது என்றால் கோளாறு அந்த வண்டியில் இல்லை.

"ஆக எதை வேண்டுமானாலும் மாற்றிவிட்டு ஒரிஜினல் என்று விற்கலாமா?" கூடாது. ஜிடியை சூப்பர் ஸ்போர்ட் என்று விற்பது திருட்டு, அதில் பேச்சே இல்லை. அதே ஜிடியை "இது ஜிடி, சூப்பர் ஸ்போர்ட் மாதிரி ஆக்கியிருக்கிறேன்" என்று விற்றால் அது ஒரு அழகான பைக். இரண்டிலும் நட்டு போல்ட் ஒன்றுதான். சொன்ன ஒரு வாக்கியம்தான் வித்தியாசம்.

இந்த ஒரிஜினல் பைத்தியத்துக்கு டுகாட்டியே வைத்த வேட்டு ஒன்று உண்டு. 1978ல் மைக் ஹெயில்வுட், 38 வயதில், பதினோரு வருடம் கழித்து ஐல் ஆஃப் மேன் டிடிக்குத் திரும்பி வந்து டுகாட்டியில் ஃபார்முலா 1 பந்தயத்தை ஜெயித்தார். அடுத்த வருடமே கம்பெனி அந்தச் சிவப்பு பச்சை நிறத்தில் "மைக் ஹெயில்வுட் ரெப்ளிக்கா" என்று விற்க ஆரம்பித்தது. பெயரிலேயே நகல் என்று இருக்கிறது. இப்போது சாதாரண 900க்கு அந்த உடுப்பை மாட்டி ஹெயில்வுட் ரெப்ளிக்கா என்று விற்கிறார்கள். ஆகவே "இது ஒரிஜினல் ரெப்ளிக்காவா, இல்லை ரெப்ளிக்காவின் ரெப்ளிக்காவா?" என்று ஆட்கள் முகத்தைச் சிரிக்காமல் வைத்துக்கொண்டு விவாதிக்கிறார்கள். யோசித்துப் பார்த்தால் கிரீன் ஃப்ரேமும் இமோலா வண்டியின் நகல்தான். 2006ல் பால் ஸ்மார்ட் 1000 என்று அதற்கும் ஒரு நகல் வந்தது.

சான்றிதழ் வாங்கினால் போயிற்று என்பார்கள். இத்தாலியில் 1966லிருந்து இருக்கும் ஏஎஸ்ஐ போன்ற பழைய வாகன அமைப்புகள் பரிசோதித்துச் சான்று தருகின்றன, நல்ல வேலைதான். ஆனால் வண்டியை அன்றைக்குப் பார்த்தவர் அன்றைக்குக் கண்டதைத்தான் சான்று சொல்ல முடியும். 2021 பட்ஜெட் சட்டத்தில் இத்தாலி அரசே பழைய வண்டிகளுக்கு அதன் முதல் நம்பர் பிளேட்டைப் பழைய வடிவத்திலேயே புதிதாகச் செய்து கொடுக்க வழி செய்துவிட்டது. புத்தம் புதிய ஒரிஜினல் பிளேட்! இதற்கு மேல் பிளேட்டைப் பார்த்து மயங்குவது அவரவர் இஷ்டம். அதை விட, இத்தாலியின் வாகனப் பதிவேட்டிலிருந்து பழைய சொந்தக்காரர்களின் வரிசையை எடுத்துப் பார்க்கலாம். உலகப் பழைய வாகனக் கூட்டமைப்பான ஃபிவா 2012ல் ஏற்றுக்கொண்ட டூரின் சாசனம்கூடப் பளபளப்பாக்குவதை விடப் பாதுகாப்பதைத்தான் மேலே வைக்கிறது, செய்த வேலையை எழுதி வைக்கச் சொல்கிறது. ஏலக் கூடத்தில் கை தூக்குகிறவர்களில் எத்தனை பேர் அதைப் படித்திருப்பார்களோ, என்னமோ போங்க.

எனவே காசு வைத்திருக்கிற கனவான்களே, அடுத்த முறை ஒரு கிரீன் ஃப்ரேம் முன்னால் நிற்கும்போது வாயில் வருகிற முதல் கேள்வியை விழுங்கிவிட்டு, ஃபைலைக் கேளுங்கள். முதல் சொந்தக்காரர் யார், எந்த நாட்டுக்குப் போனது, எப்போது எஞ்சின் திறந்தார்கள், கழற்றிய டேங்க் எங்கே. எண்கள் வேறு வேறாக இருக்கிறதே என்று முகம் சுளிக்காதீர்கள். விலையையும் குறைக்காதீர்கள். பக்கத்து கராஜில் ஒருவன் அரத்தோடு உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறான்.

பி.கு.: மேலே சொன்னதை நம்பி லாவெர்டா 750 எஸ்எஃப்சி வாங்கக் கிளம்புகிறவர்கள் கவனிக்க. ப்ரெகான்ட்சேக்காரர்கள் ஒழுங்கான மனுஷர்கள். ஃப்ரேமிலும் எஞ்சினிலும் ஒரே எண்ணைத்தான் குத்தினார்கள். 549 எஸ்எஃப்சிகளுக்கும் தொகுதி தொகுதியாகத் தனி எண்கள் உண்டு. அங்கே நம்பர் பொருந்தவில்லை என்றால் தாராளமாக முகம் சுளிக்கலாம்.